விதைத்தால்தான் நிலம் நிலைக்கும்

லண்டன் மாநகரின் புறப்பகுதி ஒன்றில், ரயில் பாதையை ஒட்டிக் கம்பிவேலி இட்ட நிலம் ஒன்று உண்டு. நாற்பது துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட அந்த நிலத்தில் ஒரு துண்டுக்கு நான் குத்தகைதாரன். பெயரைப் பதிவு செய்து நான்கு ஆண்டுகள் காத்திருந்த பிறகு, ஒரு பிப்ரவரி மாதத்தில் வாயிற்கதவின் சாவி என் கைக்கு வந்தது. உள்ளாட்சி மன்றத்திடமிருந்து குறைந்த ஆண்டு வாடகைக்குப் பெற்று, குடும்பத் தேவைக்காகப் பயிரிடும் இத்தகைய நிலத்தை பிரிட்டனில் 'அலாட்மென்ட்' என்கிறார்கள். அதன் வழக்கமான அளவு 10 'ராடு'. ஏறத்தாழ 250 சதுர மீட்டர். நம் கணக்கில் 6 சென்ட்டுக்குச் சற்று அதிகம்.

முதல் ஆண்டு வசந்தத்தில் நான் செய்த பிழை, வெயிலை நம்பியது. ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரம் வானம் தெளிந்து நன்றாக வெயில் அடித்தது. சன்னலோரத்தில் வளர்த்த தக்காளி நாற்றுகளையும் அவரை நாற்றுகளையும் மகிழ்ச்சியுடன் நிலத்தில் நட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவை வெந்நீர் ஊற்றியது போலக் கருகிக் கிடந்தன. இரவில் உறைபனி இறங்கியிருந்தது. மேகமில்லாத வானம் பகலில் வெயிலைத் தருகிறது. இரவிலோ, மண்ணின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தப் போர்வையின்றி விட்டுவிடுகிறது. வசந்தத்தின் அழகிய பகலுக்குப் பின்னால்தான் ஆபத்தான இரவு வருகிறது என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

அடுத்த துண்டில் பயிரிடும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் அந்தக் காலையில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "வெயிலை நம்பாதேங்கோ தம்பி. மண்ணில கையை வைச்சுப் பாருங்கோ."

மண்ணில் கை வைத்துப் பார்த்தால் வசந்தத்தின் ஒழுங்கு புரியத் தொடங்குகிறது. பிப்ரவரியில் மிளகாய் விதையை வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில்தான் முளைக்க வைக்க வேண்டும். அதே மாதத்தில் விதை உருளைக்கிழங்கை முட்டை அட்டைகளில் அடுக்கி, வெளிச்சத்தில் முளைகட்ட வைக்கிறார்கள். குளிரைத் தாங்கும் பிராட் பீன்ஸ், வெங்காயம், பட்டாணி ஆகியவை மார்ச் மாதத்திலேயே மண்ணுக்குள் போகலாம். உருளைக்கிழங்கைப் புனித வெள்ளியன்று நடுவது இங்குப் பழைய வழக்கம். ஆனால், அந்த நாள் ஆண்டுதோறும் மாறுகிறது. ஆகவே அனுபவசாலிகள் நாள்காட்டியைவிட மண்ணின் சூட்டையே பார்க்கிறார்கள். முளை வெளியே தெரிந்ததும் மண் அணைக்க வேண்டும். அது இளந்தளிரை உறைபனியிலிருந்து காக்கும். கிழங்கின் மீது வெளிச்சம் பட்டு அது பச்சையாகாமலும் தடுக்கும்.

தக்காளி, மிளகாய், பரங்கி, கொடி அவரை ஆகியவற்றுக்குத் தென் இங்கிலாந்தில் மே மாதத்தின் நடுப்பகுதி வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு ஒரு வார காலம் நாற்றுகளைப் பகலில் வெளியே வைத்து, மாலையில் உள்ளே எடுத்துக் குளிருக்குப் பழக்க வேண்டும். பூச்செடிகளும் வீண் அலங்காரமல்ல. பிராட் பீன்ஸ் காய்ப்பதற்குத் தேனீ வகைகளின் உதவி பெரிதும் பயன்படுகிறது. அவற்றை வரவழைக்கவே பலரும் பாத்தி ஓரங்களில் பூக்களை விதைக்கிறார்கள். தக்காளிக்கு அருகே செண்டுமல்லியும், அவரைப் பந்தலில் 'ஸ்வீட் பீ' என்னும் மணம் மிக்க கொடியும் அநேகமாக எல்லாத் துண்டுகளிலும் உண்டு. வசந்த மழைக்குப் பின் இரவில் ஊர்ந்து வரும் ஓடில்லா நத்தைகளுக்கும் இவை அனைத்தும் விருந்து என்பது வேறு செய்தி.

இந்தச் சிறு நிலம் சாமானியருக்கு எப்படிக் கிடைத்தது? 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் கிராமப் பொதுநிலங்கள் சட்டங்களின் துணையோடு வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையாயின. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உரிமை பெற்றிருந்த ஏழைகள் அந்த உரிமையை இழந்தனர். வேலியிடும்போது நிலமற்றோருக்கெனச் சிறிது நிலம் ஒதுக்குவதற்கு 1845-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1908-ஆம் ஆண்டுச் சட்டம் அதைவிட முக்கியமானது. வாக்காளர்களாகவோ வரி செலுத்துவோராகவோ உள்ள ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால் உள்ளாட்சி மன்றம் அதைப் பரிசீலிக்க வேண்டும். தேவை இருப்பதாகக் கண்டால் நிலம் ஏற்பாடு செய்ய வேண்டும். உள் லண்டன் நீங்கலாக இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தக் கடமை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பெரியதோர் அநீதிக்குத் தரப்பட்ட சிறியதொரு பரிகாரம் இது. ஆனாலும் சலுகையாக அல்ல, சட்டமாகவே தரப்பட்டது.

சட்டம் இருப்பதால் மட்டும் நிலம் நிலைத்துவிடுவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 'வெற்றிக்காகத் தோண்டுவோம்' என்று அரசே அழைப்பு விடுத்த காலத்தில், பிரிட்டனில் சுமார் 14 லட்சம் துண்டுகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ மூன்று லட்சம். போருக்குப் பின் கடைகளில் காய்கறி மலிந்தது. தோட்டங்கள் ஆளின்றிக் கிடந்தன. அந்த இடங்களில் வீடுகளும் சாலைகளும் வந்தன. கிழக்கு லண்டனில் நூறாண்டுப் பழமை வாய்ந்த மேனர் கார்டன் தோட்டங்கள், 2012 ஒலிம்பிக் பூங்காவுக்காக 2007-இல் அகற்றப்பட்டன.

தோட்டத்துக்கென்றே வாங்கிய அல்லது ஒதுக்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதலின்றி உள்ளாட்சி மன்றம் விற்க முடியாது என்கிறது 1925-ஆம் ஆண்டுச் சட்டம். தற்காலிக ஏற்பாடாகத் தரப்பட்ட நிலங்களுக்கு இந்தக் காப்பு இல்லை. ஒப்புதல் கேட்கும்போது, அங்கிருந்து வெளியேற்றப்படுவோருக்கு மாற்று நிலம் உண்டா, அது அவசியம்தானா என்பவை பார்க்கப்படும். பாதித் துண்டுகள் புதர் மண்டிக் கிடக்கும் இடத்தில், 'இங்கே யாருக்கும் தேவையில்லை' என்று வாதிடுவது எளிது. எல்லாத் துண்டுகளிலும் பயிர் நின்று, வாசலில் காத்திருப்போர் பட்டியலும் நீண்டிருக்கும் இடத்தில் அந்த வாதம் எடுபடாது. ஆகவேதான், களை மண்டிய துண்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் வருவதையும் நான் வெறும் அதிகாரக் கெடுபிடியாகப் பார்ப்பதில்லை.

ஆனால், சென்ற ஆண்டு வசந்தத்தில் அந்தக் கடிதம் யாழ்ப்பாணத்துப் பெரியவருக்கு வந்தது. இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் வீட்டோடு இருந்தார். இருபது ஆண்டுகளாக மட்கு உரமிட்டு அவர் கறுப்பாக்கிய மண்ணில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. உடல்நிலையைக் கூறி விளக்கம் எழுதலாம்; எழுதவும் செய்தோம். அதோடு நிற்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் மண்வெட்டியுடன் கூடினோம். அவர்களில் ஒருவர் ஜமைக்காவிலிருந்தும் மற்றொருவர் போலந்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள். மாலைக்குள் நிலம் சுத்தமாயிற்று. உருளைக்கிழங்கும் வெங்காயமும் நடப்பட்டன. துண்டு அவர் பெயரிலேயே தொடர்ந்தது.

மே மாத இறுதியில் அவர் ஊன்றுகோலுடன் வந்தார். நாங்கள் நட்டிருந்த உருளைக்கிழங்கு வரிசைகளைப் பார்த்து, "இடைவெளி காணாது" என்று குறை சொன்னார். பிறகு சிரமப்பட்டுக் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மகள் பையில் கொண்டுவந்திருந்த மிளகாய் நாற்றுகளை வெளியே எடுக்கச் சொன்னார்.

பொதுநிலத்தைக் காக்க வழக்கும் போராட்டமும் வேண்டியிருக்கும் நாள்கள் உண்டு. அந்த நாள் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. நிலம் பயன்பாட்டில் இருக்க வேண்டும். முடியாதவரின் நிலத்தையும் முடிந்தவர் பயன்பாட்டில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மார்ச் மாதமும் நாங்கள் விதைக்கும்போது, அந்த ஆண்டுக்கான காய்கறியோடு, அந்த நிலத்தின் மீது எங்களுக்குள்ள உரிமையையும் சேர்த்தே விதைக்கிறோம்.