மரக்குவளைத் தண்ணீரில் மருந்து எவ்வளவு?
கரைதிறனை அளப்பதும் கணிப்பதும்

திருப்பதி மலையைப் பார்த்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு மரங்கள் நன்கு தெரிந்தவை. ஒன்று செஞ்சந்தனம். சேஷாசலக் காடுகளின் செல்வம் அது. எர்ர சந்தனம் என்று தெலுங்கில் சொல்வதை நாமும் பழகிவிட்டோம். மற்றொன்று வேங்கை. குறிஞ்சி நிலத்தைப் பாடிய நம் புலவர்கள் விட்டுவைக்காத மரம் அது. இந்தப் பக்கம் ஏகிச என்றும் பெத்தேகி என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே இனத்துச் சகோதரர்கள். தாவரவியலில் இரண்டுக்கும் முதற்பெயர் டெரோகார்ப்பஸ்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வேதியியல் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளியவன் நான். என்னைப் பார்க்கிற உறவுக்காரர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வேங்கை மரக் குவளையில ராத்திரி தண்ணி ஊத்தி வச்சுக் காலையில குடிச்சா சர்க்கரை இறங்குமாமே, நிஜமா?" கேள்வியை ஆம், இல்லை என்று இரண்டு சொல்லில் முடிக்க முடியாது. வேதியியல்காரன் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? அந்த 'எவ்வளவு' என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

இரண்டு மரங்கள், ஒரு பொருள்

வெட்டி வைத்த ஆப்பிள் கறுத்துப் போவதும், நாள்பட்ட எண்ணெயில் காறல் வாடை வருவதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்கிற வேலை. இந்த வேலையைத் தடுக்கும் பொருள்களை ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்கிறார்கள். தமிழில் ஆக்சிஜனேற்றத் தடுப்பி எனலாம். எலுமிச்சை, நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி அப்படிப்பட்ட ஒன்று.

செஞ்சந்தன மரத்தின் வைரத்தில் டெரோஸ்டில்பீன் என்றொரு தடுப்பி உண்டு. டெரோகார்ப்பஸ் என்ற மரத்தின் பெயரிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. 1940-ல் ஸ்பேத், ஷ்லேகர் என்ற இருவர் செஞ்சந்தனத்தை ஆராய்ந்து அதன் அமைப்பை வெளியிட்டார்கள். வேங்கையின் வைரத்திலும் அதே பொருள் உண்டு. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ராலுக்கு இது தங்கை முறை. அக்காவிடம் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள். தங்கையிடம் அவற்றில் இரண்டு மீத்தாக்சித் தொகுதிகளாக மாறியிருக்கின்றன. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த மரங்களின் வேதியியலில் தமிழர் ஒருவரின் உழைப்பும் கலந்திருக்கிறது. 1900-ல் குளித்தலையில் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி, ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறையை வளர்த்தவர். 1949-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் சென்றார். டெரோகார்ப்பஸ் மரங்களின் நிறப்பொருள்களைப் பற்றி அவரும் அவர் மாணவர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள். வெளிமாநிலத்தில் வாழும் நாம் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர் அது.

கரைதல் என்றால் என்ன?

சந்தனத்தைக் கல்லில் இழைத்துத் தண்ணீரில் கலக்கினால் நீர் கலங்குகிறது. அது கரைதல் ஆகாது. கொஞ்ச நேரம் வைத்தால் தூள் அடியில் படியும். சர்க்கரையைப் போட்டால் எத்தனை நாள் வைத்தாலும் படியாது. மூலக்கூறு ஒவ்வொன்றாகப் பிரிந்து நீருக்குள் போய்விட்டது. அதுதான் கரைதல்.

எந்தப் பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கிவிடும். அந்த நிலையில் உள்ள நீரைத் தெவிட்டிய கரைசல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு லிட்டரில் எவ்வளவு கரைந்திருக்கிறதோ அதுவே கரைதிறன். வைட்டமின் சி ஒரு லிட்டர் நீரில் 300 கிராமுக்கும் மேல் கரையும். டெரோஸ்டில்பீன் கரைவது சுமார் 21 மில்லிகிராம் மட்டுமே. கிராம் இல்லை, மில்லிகிராம்! ஒன்றுக்கொன்று பதினாயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆனால் இரண்டையும் ஒரே பெயரில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று அழைக்கிறோம்.

ஏன் இப்படி? மிளகாய்த் தூள் போட்ட குழம்பைப் பாருங்கள். சிவப்பு நிறம் மேலே மிதக்கிற எண்ணெயில் போய்ச் சேருகிறது. புளியின் புளிப்பு கீழே நீரிலேயே நிற்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தனக்குப் பிடித்த வீடு ஒன்று உண்டு. டெரோஸ்டில்பீனுக்கு எண்ணெய் வீடுதான் பிடிக்கும்.

அளப்பது எப்படி?

ஆய்வுக்கூடத்தில் இதை அளக்கும் முறையைக் குடுவைக் குலுக்கு முறை என்று சொல்லலாம். கேட்க எளிமையாக இருக்கும், செய்யப் பொறுமை வேண்டும்.

முதலில், காய்ச்சி வடித்த நீரில் பொருளைத் தேவைக்கு அதிகமாகவே போட வேண்டும். கடைசி வரை அடியில் கொஞ்சம் கரையாமல் தெரிய வேண்டும்; அது தெரியாவிட்டால் எல்லையைத் தொடவில்லை என்று அர்த்தம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் இதற்கு உதவாது, அதில் உப்புகள் உண்டு.

இரண்டாவது, வெப்பநிலை. 25 டிகிரி என்றால் 25 டிகிரியிலேயே வைக்க வேண்டும். திருப்பதியின் மே மாத மத்தியானத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து அளந்தால் வேறு எண் வரும்.

மூன்றாவது, காலம். 24 மணி, 48 மணி, 72 மணி என்று குலுக்கியபடியே எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக வந்தால்தான் நிறுத்தலாம். குடுவையை அலுமினியத் தாளால் சுற்றி வைப்பதும் அவசியம். இந்த வகைப் பொருள்கள் வெளிச்சம் பட்டால் வடிவம் மாறிவிடும்.

நான்காவது, வடிகட்டல். மிக நுண்ணிய துளையுள்ள வடிதாள் தேவை. கரையாத தூசி ஒன்றிரண்டு தப்பி வந்தாலும், இவ்வளவு குறைவாகக் கரைகிற பொருளில் கணக்கு இரட்டிப்பாகிவிடும். வடிதாளே கொஞ்சம் பொருளை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் முதலில் வரும் சில சொட்டுகளை எடுக்கமாட்டார்கள்.

கடைசியில் நிறமாலை ஒளிமானி. டெரோஸ்டில்பீன் நம் கண்ணுக்கு வெள்ளைத் தூள்தான். ஆனால் சுமார் 306 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை அது நன்றாக விழுங்கும். எவ்வளவு அதிகம் கரைந்திருக்கிறதோ அவ்வளவு அதிக ஒளியை விழுங்கும். அளவு தெரிந்த சில கரைசல்களை முதலில் வைத்து ஒரு கோடு வரைந்துகொண்டால், தெரியாத கரைசல் அந்தக் கோட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம்.

கணிப்பது எப்படி?

எல்லாப் பொருளையும் குலுக்கிப் பார்க்க நேரம் ஏது? மருந்துக் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பொருள்கள் வரிசையில் நிற்கும். அதனால் கணக்குப் போட்டுச் சொல்லும் வழிகளும் வந்தன. அவற்றில் மிக எளியது அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் யால்கோவ்ஸ்கியின் பெயரோடு சேர்ந்தது. 2001-ல் ஜெயின் என்பவரும் அவரும் வெளியிட்ட வடிவத்தைச் சொல்கிறேன்.

இரண்டே எண்கள் போதும். ஒன்று உருகுநிலை. படிகம் எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அது சொல்லும். மற்றொன்று பங்கீட்டு எண். ஆக்டனால் என்ற எண்ணெய் போன்ற திரவமும் நீரும் சேர்ந்த குடுவையில் பொருள் எந்தப் பக்கம் எத்தனை மடங்கு அதிகம் போகிறது என்பதன் மடக்கை அது. குழம்பில் பார்த்த அதே சங்கதிதான்.

0.5-லிருந்து தொடங்குங்கள். உருகுநிலையில் 25-ஐக் கழித்து நூறால் வகுத்து அதைக் கழியுங்கள். பிறகு பங்கீட்டு எண்ணைக் கழியுங்கள். வருவது கரைதிறனின் மடக்கை, லிட்டருக்கு மோல் கணக்கில்.

டெரோஸ்டில்பீனின் உருகுநிலை சுமார் 90 டிகிரி, பங்கீட்டு எண் சுமார் 3.8. எனவே 0.5, அதில் 0.65 போக, 3.8 போக, மிச்சம் -3.95. மூலக்கூறு எடை 256-ஆல் பெருக்கினால் லிட்டருக்குச் சுமார் 29 மில்லிகிராம் வருகிறது. அளந்தது 21. ஒரு துண்டுக் காகிதத்தில் போட்ட கணக்குக்கு இது பிரமாதமான பொருத்தம்!

உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. அக்கா ரெஸ்வெரட்ராலுக்கு அதே கணக்கைப் போடுங்கள். உருகுநிலை சுமார் 254, பங்கீட்டு எண் சுமார் 3.1. விடை லிட்டருக்கு 3 மில்லிகிராம். அளந்தவர்கள் சொல்வதோ சுமார் 30. பத்து மடங்கு தவறு! கணிப்பு வழிகாட்டும்; ஆனால் அளவுகோலின் இடத்தில் அதை உட்கார வைக்கக் கூடாது. கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று மதிப்புப் போடுகிறோமே, அப்படித்தான். பந்தியில் இலையை எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

குவளைக் கணக்கு

இப்போது குவளைக்கு வருவோம். 200 மில்லி தண்ணீர் பிடிக்கிற குவளை. டெரோஸ்டில்பீன் எல்லை வரை கரைந்தாலும் அதில் இருக்கக்கூடியது 4.2 மில்லிகிராம். இது உச்சவரம்பு. ஓர் இரவில், குலுக்காமல், மரத்துக்குள் பூட்டிக் கிடக்கும் பொருள் அந்த எல்லையைத் தொடும் என்று நம்ப இடமில்லை.

2014-ல் அமெரிக்காவில் 80 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று வெளியானது. கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்களுக்கு டெரோஸ்டில்பீன் கொடுத்துப் பார்த்தார்கள். அதிக அளவு என்பது ஒரு நாளைக்கு 125 மில்லிகிராம் இரண்டு வேளை, ஆக 250 மில்லிகிராம். ரத்த அழுத்தம் குறைந்தது, ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் கூடியது. அந்த 250 மில்லிகிராமைத் தண்ணீரிலிருந்தே பெற வேண்டுமென்றால், தெவிட்டிய கரைசலாகவே ஏறத்தாழ 12 லிட்டர் குடிக்க வேண்டும்!

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், ஒரு கண்காட்சியில் வாங்கிய குவளையை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். "தம்பி, தண்ணி நிறம் மாறுது பாரு. மருந்து இறங்குதுன்னுதானே அர்த்தம்?" என்றார். "இறங்குவது மரத்தின் சாயம் அண்ணா. நீங்க சொல்ற பொருளுக்கு நிறமே கிடையாது" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை ஏறி, காலில் புண் ஆறாமல், மருத்துவர் மறுபடி மாத்திரையில் போட்டார். இன்று நலமாக இருக்கிறார். குவளை அலமாரியில் அழகாக இருக்கிறது.

வேங்கைக்குப் பெருமை இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே விஜயசார் என்ற பெயரில் வேங்கையை ஆராய்ந்தது. 1998-ல் வெளியான முடிவின்படி, புதிதாக நோய் கண்ட 97 பேரில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் வரை நிறுத்துக் கொடுத்த மருந்து. மருத்துவர் கண்காணிப்பில், 12 வாரம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வு அது. நீரில் நன்கு கரையும் வேறு பொருள்களும் வேங்கையில் உண்டு, வேலை செய்வது அவையாகவும் இருக்கலாம். எதுவானாலும், நிறுத்துக் கொடுத்த மருந்தும் குவளையில் ஊறிய தண்ணீரும் ஒன்றாகிவிடாது.

சில சந்தேகங்கள்

"கொதிக்க வச்சா அதிகம் கரையுமே?" என்பார்கள். சூட்டில் கூடுதலாகக் கரையும், உண்மைதான். ஆறும்போது மிகுதி மெல்ல மெல்ல வெளியே வந்து படியும்.

"தண்ணீரில் கரையாதது உடம்பில் எப்படிச் சேரும்?" இது நல்ல கேள்வி. 2011-ல் எலிகளிடம் செய்த ஆய்வில், வாய்வழி கொடுத்த டெரோஸ்டில்பீனில் சுமார் 80 சதவீதம் ரத்தத்தை அடைந்தது. ரெஸ்வெரட்ராலில் சுமார் 20 சதவீதம்தான். எண்ணெய்ப் பாசம் உள்ள மூலக்கூறு குடலின் கொழுப்புச் சுவரைச் சுலபமாகத் தாண்டும். ஆகவே கரைதிறன் குறைவு என்பதால் பொருள் பயனற்றது ஆகாது. அது உள்ளே போக வேறு வாகனம் வேண்டும், தண்ணீர் போதாது என்பதே பொருள்.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைச் செய்து காட்டலாம். நாட்டு மருந்துக் கடையில் செஞ்சந்தனத் தூள் கொஞ்சம் வாங்குங்கள். இரண்டு சிறு கண்ணாடிப் புட்டிகளில் ஒரு சிட்டிகை வீதம் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மருந்துக் கடை ஸ்பிரிட். ஸ்பிரிட் தீப்பற்றும், அதனால் அடுப்பிலிருந்து தள்ளி, பெரியவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும். சற்று நேரத்தில் ஸ்பிரிட் நல்ல சிவப்பாகும். தண்ணீரில் அந்தச் சிவப்பு இறங்காது. தூள் அடியில் படுத்துக் கிடக்கும். செஞ்சந்தனத்தின் சிவப்புக்குக் காரணமான சாண்டலின் என்ற பொருள் சாராயத்தில் கரையும், நீரில் கரையாது. ஒரே தூள், இரண்டு விடைகள். எதில் கரையும், எவ்வளவு கரையும் என்ற கேள்வியைப் பிள்ளை தானாகவே கேட்கும்.

அந்தக் கேள்வி நாக்கில் இருந்தால் போதும். நாளைக்கு யாராவது ஒரு குவளையையோ பொடியையோ கஷாயத்தையோ நீட்டி, "இதில் இன்ன சத்து இருக்கிறது" என்று சொன்னால், "எவ்வளவுங்க? யார் அளந்தது?" என்று மரியாதையாகக் கேட்போம். பதில் வரும்வரை மருத்துவர் தந்த மாத்திரையை விட வேண்டாம்.