விமான விபத்தில் காயமா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படிங்க!

விமான விபத்து என்றால் உயிரிழந்தவர்களின் எண்ணிக்கைதான் தலைப்புச் செய்தி. பிழைத்தவர்களின் கதை இரண்டு நாளில் மறைந்துவிடும். 2020 ஆகஸ்ட் 7-ல் கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 190 பேர் இருந்தார்கள். பெரும்பாலானோர் காயங்களுடன் தப்பினர். பலத்த காயத்துக்கு 2 லட்சம், லேசான காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தார்கள்.

அது இடைக்கால நிவாரணம்தான், இழப்பீடு இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான். முன்பணத்தை வாங்கிக்கொள்வதால் வழக்குப் போடும் உரிமை போகாது. பின்னால் வரும் தொகையில் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால், “இத்துடன் முழுத் தீர்வு, இனி கோரிக்கை இல்லை” என்ற வாசகம் உள்ள தாளை நீட்டினால் கதை வேறு. “சும்மா ஒரு கையெழுத்துதானே” என்பார்கள். வழக்கறிஞரிடம் காட்டாமல் போட வேண்டாம்.

சரி, எவ்வளவு கேட்கலாம்? சர்வதேசப் பயணத்துக்கு 1999-ம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். இந்தியா 2009-ல் இதில் சேர்ந்தது. விமானத்துக்குள்ளோ, ஏறும்போதோ இறங்கும்போதோ விபத்தால் உடல் காயம் ஏற்பட்டால், யார் தவறு என்று பயணி நிரூபிக்கத் தேவையில்லை. இந்தப் பொறுப்பின் வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880 எஸ்.டி.ஆர். பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகான இது, தோராயமாக ஒன்றே முக்கால் கோடி ரூபாய். அதற்காக எல்லோருக்கும் அந்தத் தொகை கிடைத்துவிடாது. மருத்துவச் செலவு, வருமான இழப்பு என்று நிரூபித்த அளவுக்குத்தான். அதற்கு மேலும் கேட்கலாம். அப்போது, தன் மீது அலட்சியம் இல்லை என்று நிறுவனம்தான் காட்ட வேண்டும். 2010 மங்களூரு விபத்தில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு, அவர் சம்பளத்தைக் கணக்கிட்டு 7.64 கோடி ரூபாய் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆனால், அந்தத் தீர்ப்பு வந்தது 2020-ல்!

‘விபத்து’ என்றால் விமானம் விழ வேண்டும் என்றில்லை. தட்டிலிருந்து சரிந்த சூடான காபி கொட்டி ஒரு சிறுமிக்குத் தீக்காயம் ஏற்பட்டதையும் ஐரோப்பிய நீதிமன்றம் 2019-ல் விபத்தாகவே ஏற்றது. வெறும் மன அதிர்ச்சிக்கு மட்டும் இழப்பீடு கேட்பது சிக்கல். நாட்டுக்கு நாடு தீர்ப்பு மாறுகிறது. உள்நாட்டுப் பயணத்துக்கு மத்திய அரசு அறிவிக்கும் தனி வரம்பு உண்டு.

வழக்கை எங்கே போடுவது? சென்னை – துபாய் – சென்னை என ரிட்டர்ன் டிக்கெட் எடுத்திருந்தால், சட்டப்படி சேருமிடம் சென்னைதான். ஆக, இங்கேயே வழக்குத் தொடரலாம். நுகர்வோர் ஆணையமும் ஒரு வழி. எந்த ஆணையம் என்பதற்கு, கேட்கும் தொகை அல்ல, கொடுத்த டிக்கெட் காசுதான் கணக்கு என்பதால் பெரும்பாலும் மாவட்ட ஆணையமே போதும். வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம்.

வழக்கறிஞர் வேண்டும், கையில் காசில்லையா? பெரும் விபத்துகளில் பாதிக்கப்பட்டோருக்கும், எல்லாப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-க்கும் அழைக்கலாம்.

போர்டிங் பாஸ், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், சம்பளச் சான்று எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விமானம் சேர்ந்த நாள், அல்லது சேர வேண்டியிருந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். “நிறுவனத்தோடு பேசிட்டிருந்தோம், அதான் லேட்” என்று சொன்னால் எடுபடாது.