உங்களுக்குத் தெரியுமா? தேரி மணலில் அரைநிலாக் கற்கள்

● திருச்செந்தூர் வட்டாரத்தில் பனைகளுக்கு நடுவே சிவந்து கிடக்கிற தேரிக்காடு ஒரு காலத்தில் கருவிப் பட்டறை! தாமிரபரணி முகத்துவாரத்துக்கு வடக்கே சாயர்புரம், தெற்கே மெஞ்ஞானபுரம் எனப் பல தேரிகளில், காற்று மணலை வாரிப்போன இடங்களில் நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. பல கருவிகள் விரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை. தேரி மண்ணின் செம்மை கல்லிலும் ஏறியிருக்கும்.

● ஆய்வாளர்கள் சாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் இருவரும் 1956இல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் இவற்றை விரிவாக எழுதினார்கள். பழைய கடல்மட்டத்தை வைத்துச் சுமார் 6,000 ஆண்டு என்று வயதும் கணித்தார்கள். (தேடிப் படிப்பவர்கள் 'திருநெல்வேலி மாவட்டம்' என்றே தேடுங்கள். இந்தத் தேரிகள் இருக்கிற தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான்.)

● அந்தக் கருவிகளில் அழகு, அரைநிலா. நேர்விளிம்பு கையைக் கீறும். வளைந்த முதுகையோ பொடிப்பொடியாகச் செதில் எடுத்து, வேண்டுமென்றே மழுக்கியிருப்பார்கள். அந்த முதுகை அம்பிலோ மரக்காம்பிலோ பிசின் வைத்துப் பதித்திருப்பார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. ஒன்று உடைந்தால் அதே இடத்தில் இன்னொன்று உட்கார வேண்டுமே! சைக்கிள் கடை உதிரிபாகம் மாதிரி, அளவு பிசகினால் காம்பு சேர்க்காது. ஒரே மாதிரி செய்யும் பழக்கம் இறுகியதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

● இத்தனைக்கும் தேரிக்காரர்கள் அதிகம் உடைத்தது வெங்கச்சங்கல். இருட்டில் உரசித் தீப்பொறி பார்ப்போமே, அதேதான். தட்டினால் நினைத்த பக்கம் உடையாத முரட்டுக் கல். அதில் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப எடுத்த கைகளை என்ன சொல்ல!

● இந்தக் கைப்பக்குவம் ஒரே நாளில் வந்ததல்ல. திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் செய்தவை, உள்ளங்கை நிறையும் கைக்கோடரிகள். அதே ஊரில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் வேலை முறையே மாறுகிறது: முதலில் தாய்க்கல்லைச் சுற்றிலும் தட்டிப் பதப்படுத்துவார்கள்; பிறகு ஒரே அடி, வேண்டிய வடிவில் சில்லு பெயர்ந்து வரும். லெவல்வா முறை என்று பெயர். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 2018இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார்கள்.

● தேரியில் கிடைத்த, இருபுறமும் செதுக்கிய கூர்முனைகளுக்கு நெருங்கிய சொந்தம் கடலுக்கு அக்கரையில், இலங்கையில்! அங்கே பாகியன் குகையில் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே நுண்கற்கருவி செய்தவர்கள் இருந்தார்கள். மழைக்காட்டில் அவர்கள் வேட்டையாடியது குரங்கும் அணிலும். கருவிக்கு எடுத்த கல்? அங்கேயும் வெங்கச்சங்கல்தான்.