மலேரியா மாத்திரைக்கு இரண்டாவது வேலை

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் இன்று வாசனைப் பொருள் கடைகளும் பழம்பொருள் கடைகளும்தான் அதிகம். 1568-ல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தைப் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள். யூதர்களில் பெரும்பாலோர் 1950-களிலேயே இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

அங்கே வந்திறங்கிய பல நாட்டு யூதர்களின் ரத்தத்தையும் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். தேடியது ஜி-6-பி.டி. என்ற என்சைமை. குர்திஸ்தான் ஆண்களில் பாதிப் பேருக்கும் மேல் அது குறைவு. கொச்சிக்காரர்களிடம் அவ்வளவு இல்லை, ஆனாலும் இருந்தது. மலேரியா ஆட்டிப்படைத்த ஊர்களின் பரம்பரைச் சொத்து அது. தந்திரமான சொத்து: மலேரியாவிலிருந்து ஓரளவு காக்கும், மலேரியா மருந்தில் மாட்டிவிடும்.

அந்த மருந்து பிரைமாகுவின். ஈரலில் பதுங்கும் வைவாக்ஸ் கிருமியை ஒழிக்க, கொரியப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கொடுக்கப்பட்டது. சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்தது. என்சைம் குறைவே காரணம் என்று 1956-ல் தெரிந்தது.

1981-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா. எய்ட்ஸின் முதல் அடையாளம் அதுதான். நுரையீரலை அடைத்த நியூமோசிஸ்டிஸ், மலேரியா கிருமியைப் போல ஒரு புரோட்டோசோவா என்றே பலரும் நம்பினார்கள். மலேரியா மருந்துகளை அதன் மேல் ஏவிப் பார்த்ததில் ஆச்சரியமில்லை. 1988-ல் இண்டியானா ஆராய்ச்சியாளர்கள் பிரைமாகுவினோடு கிளிண்டாமைசினைச் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். தனித்தனியே சோபிக்காத இரண்டும் சேர்ந்து வேலை செய்தன. வேடிக்கை என்னவென்றால், அது பூஞ்சை என்று மரபணு ஆய்வு காட்டியதும் அதே ஆண்டுதான்! வழக்கமான பூஞ்சை மருந்துகளோ அதனிடம் பலிப்பதில்லை. அவை குறிவைக்கும் எர்கோஸ்டெரால் அதன் உடலில் கிடையாது.

இந்தியாவில் எச்.ஐ.வி. 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. இங்கே காசநோய்தான் முதல் எதிரி. நியூமோசிஸ்டிஸ் அதன் நிழலில் கவனம் தப்பிவிடுகிறது. கோ-டிரைமாக்சசோல்தான் இன்றும் முதல் மருந்து. சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அது பலிக்காதவர்களுக்கும் பிரைமாகுவின் கூட்டணி மாற்று வழி. உறுப்பு மாற்று, புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் எதிர்ப்புச் சக்தி இழந்தவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு.

சிக்கல் அளவில்தான். வைவாக்ஸுக்குப் பெரியவர்களுக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 15 மி.கி., 14 நாள். நிமோனியாவுக்கு 30 மி.கி. வரை, 21 நாள். மூச்சுத் திணறும் நோயாளியின் உடைகிற ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. அதனால் ஜி-6-பி.டி. சோதனை முதலில், மாத்திரை பிறகு. அதிலும் ஒரு பொறி இருக்கிறது: சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்குச் சோதனை செய்தால் முடிவு ஏமாற்றலாம். அது காட்டுவது, கொடுத்தவரின் அணுக்களையும் சேர்த்து.