மூன்று படிகள்



சில மாதங்களுக்கு முன் வடபகுதிக் கிராமமொன்றின் சனசமூக நிலையத்திற்குச் சென்றிருந்தேன். மாலை வேளை. உள்ளே வாங்குகளில் அமர்ந்து பலர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தனர். வெளியே, வேப்பமர நிழலில், சக்கர நாற்காலியில் முதியவர் ஒருவர் இருந்தார். உள்ளிருந்த இளைஞன் ஒருவன் தான் படித்து முடித்த பத்திரிகையை மடித்தெடுத்து வந்து அவர் கையில் கொடுத்தான். பார்ப்பதற்கு அன்பான காட்சிதான். ஆனால் அவரோடு உரையாடியபோது ஓர் உண்மை புலனாயிற்று. அவர் அந்நிலையத்தின் அங்கத்தவர். ஒழுங்காகச் சந்தா செலுத்துபவர். இருந்தும், விபத்தொன்றில் கால்களின் இயக்கத்தை இழந்த நாள்முதல் அக்கட்டடத்தினுள் அவர் சென்றதேயில்லை.

"பத்திரிகையை வெளியே கொண்டுவந்து தருகிறார்கள், ஐயா. ஆனால் நிர்வாக சபைத் தெரிவில் நான் கை உயர்த்தினால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது" என்றார் அவர்.

அவருக்கும் அந்த மண்டபத்திற்கும் இடையே இருந்தவை மூன்று படிகள், அவ்வளவே.

இக்குறை யாருடையது? கால் நடவாத அம்மனிதருடையதா, அல்லது படியை மட்டும் கட்டிவிட்டுச் சாய்வுப் பாதையை அமைக்க மறந்த நம்முடையதா? நெடுங்காலமாக நாம் முன்னதையே விடையெனக் கொண்டிருந்தோம். ஆதலின், உடற்குறை உடையவரைக் கண்டால் இரக்கப்பட்டோம், இயன்றதை ஈந்தோம், அத்துடன் நம் கடமை முடிந்ததெனக் கருதினோம். இன்று உலகம் வேறுவிதமாக எண்ணத் தலைப்பட்டுள்ளது. உடலின் குறை ஒரு பாதி. அதை மதியாமல் அமைத்த வாசலும் வீதியும் வழக்கமும் மறு பாதி. முன்னதை முற்றாக நீக்க மருத்துவத்தாலும் இயலாதிருக்கலாம். பின்னதை நீக்கக் கொத்தனார் ஒருவரும் சில மூடை சீமெந்தும் போதும்.

இது ஒரு சிலரின் பிரச்சினை என்று ஒதுக்குவதற்குமில்லை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருமானவர்களில் நூற்றுக்கு 8.7 பேர் பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனும் ஓர் இடர்ப்பாடு உடையவர்கள். தொகையாகச் சொன்னால் பதினாறு இலட்சத்திற்கும் மேல். பிறவிக் குறையுடையோர் இவர்களுள் ஒரு பகுதியினரே. போரில் காலிழந்தோர் உளர். நீரிழிவினால் பாதத்தை இழந்தோர் உளர். வீதி விபத்திற் சிக்கியோர் உளர். முதுமையினால் முழங்கால் தளர்ந்தோர் மிகப் பலர். இன்று துள்ளியேறும் நாமும் ஒருநாள் அந்தப் படியின் முன் தயங்கி நிற்போம்.

சட்டம் இதனை அறியாமல் இல்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், உடற்குறை காரணமாக எவருக்கும் வேலையிலோ கல்வியிலோ பாரபட்சம் காட்டலாகாது என விதிக்கிறது. பொதுமக்கள் செல்லக்கூடிய கட்டடத்தையோ இடத்தையோ அவர்கள் பயன்படுத்துவதைத் தடுக்கலாகாது எனவும் கூறுகிறது. அதன் கீழ் 2006 ஆம் ஆண்டில் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. ஏற்கெனவே இருந்த கட்டடங்களைத் திருத்தக் காலவரையறை குறிக்கப்பட்டது. பின்னர் அது நீட்டவும்பட்டது. 2016 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையையும் இலங்கை ஏற்று உறுதிசெய்தது.

ஏட்டிலிருந்த விதிக்கு உயிரூட்ட முனைந்த ஒருவரை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். கலாநிதி அஜித் பெரேரா இரசாயனவியல் அறிஞர். கிரிக்கெட் நடுவராகவும் விளங்கியவர். 1992 ஆம் ஆண்டில் அவர் சென்ற கார்மீது வீதியோர மரமொன்று சாய்ந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலியே அவருக்குக் கால்களாயிற்று. தம் இடரை நொந்துகொண்டு அவர் வீட்டில் அமர்ந்துவிடவில்லை. ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வரவில்லையே என 2009 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தை நாடினார். தாமே முன்னின்று வாதாடினார். 2011 ஏப்ரல் 27 ஆம் நாள் நீதிமன்றம் கட்டளை பிறப்பித்தது. புதிதாக எழும் பொதுக் கட்டடங்கள், மலசலகூடங்கள் உட்பட, அந்த ஒழுங்குவிதிகளுக்கு அமைய வேண்டும் என்பது அதன் சாரம். 2020 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் பெற்றுத்தந்த கட்டளையோ நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

இனி, செய்யவேண்டியது யாது என்பதைப் பார்ப்போம். சாய்வுப் பாதை அமைப்பதில் பலர் செய்யும் தவறு, படியின்மேல் ஒரு பலகையையோ சீமெந்துச் சரிவையோ செங்குத்தாக வைத்துவிடுவது. அதில் நாற்காலி ஏறாது; ஏறினாலும் பின்னோக்கிக் கவிழும். உலகெங்கும் பெரிதும் பின்பற்றப்படும் அளவு இதுதான்: ஓர் அங்குலம் உயர்வதற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். நான் கண்ட நிலையத்தின் படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். மூன்றும் சேர்ந்து பதினெட்டு அங்குலம். ஆகவே பாதை பதினெட்டு அடி நீளம் அமையவேண்டும். முற்றத்தில் இடம் போதாதெனில், நடுவே சமதளம் ஒன்றிட்டு மடக்கிக் கட்டலாம். மேற்பரப்பு வழுக்காதிருக்கவேண்டும், ஓரங்களில் கைபிடி வேண்டும், வாசலின் முன் நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடிச் சதுரச் சமதளம் வேண்டும். நம் முற்றங்களோ மணற்பாங்கானவை, சக்கரம் புதையும். படலையிலிருந்து சாய்வுப் பாதைவரை உறுதியான நடைபாதை இல்லையேல் மற்றவை யாவும் வீண். உள்ளே செல்லும் கதவு திறந்தபின் குறைந்தது முப்பத்திரண்டு அங்குல வழி விடவேண்டும். மலசலகூடத்தின் கதவு வெளிப்புறமாகத் திறக்குமாறு இருத்தல் நன்று.

படி மட்டுமே தடையன்று. விழிப்புலனற்ற ஒருவருக்கு, நடைபாதையில் நிறுத்திய சைக்கிளும் மூடாத வாய்க்காலும் படியைவிடக் கொடியவை. செவிப்புலனற்றவருக்குத் தடை வேறு வகையானது. இந்த வானொலிப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். விழிப்புலனற்ற நேயருக்கு வானொலி திறந்த கதவு. செவிப்புலனற்றவருக்கோ அது மூடிய கதவு. ஒலிபெருக்கியில் மட்டும் அறிவிக்கப்படும் ஊர்க்கூட்டச் செய்தி அவரைச் சென்றடையாது. அதையே எழுதி வாசலில் ஒட்டினால் அடையும். கைதடி நவீல்ட் பாடசாலையிலும் சுன்னாகம் வாழ்வகத்திலும் பிள்ளைகள் ஊக்கத்தோடு கற்கின்றனர். கற்றுத் தேறி ஊர் திரும்பும் அவர்களை வரவேற்க ஊர் ஆயத்தமாக இருக்கிறதா என்பதே கேள்வி.

'எங்கள் நிலையத்திற்கு அப்படிப்பட்டவர் எவரும் வருவதில்லையே; பின் எதற்குச் செலவு?' என்று கேட்போர் உண்டு. பாலமில்லாத ஆற்றைக் காட்டி, 'இதை எவரும் கடப்பதில்லை; பாலம் எதற்கு?' என்று கேட்பது போன்றது அது. வழியில்லாமையால் வருவதில்லை, வராமையால் வழி அமைப்பதில்லை. இந்த வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் வெட்டியாகவேண்டும். சாய்வுப் பாதை அமைந்தபின் அதில் முதலில் ஏறிவருபவர் பெரும்பாலும் சக்கர நாற்காலிக்காரராக இருக்கமாட்டார். பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிவரும் பாட்டியாகவோ அரிசி மூடை தள்ளிவருபவராகவோ இருப்பார்.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். உங்கள் ஊரின் வாசிகசாலை, கூட்டுறவுச் சங்கக் கடை, கோயில் மண்டபம், தபால் கந்தோர் ஆகியவற்றின் வாசலை ஒருமுறை அளந்து பாருங்கள். அளக்கும்போது, அந்த வாசலைக் கடக்க இயலாத ஒருவரையும் உடனழைத்துச் செல்லுங்கள். எங்கே தடுக்கிறது என்பது நம்மைவிட அவருக்கே நன்கு தெரியும். அவருக்காக நாம் தீர்மானிக்கவேண்டா. அவரோடு சேர்ந்து தீர்மானிப்போம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை முதலாவது விடயமாக வையுங்கள்.

நான் கண்ட அந்த முதியவர் பத்திரிகைக்காக ஏங்கவில்லை. அது அவர் கைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. மற்றவர்களோடு அதே வாங்கின் அருகில் இருந்து, படித்த செய்தியைப் பற்றி வாதாடவே அவர் விரும்பினார். பதினெட்டு அடி நீளச் சீமெந்துப் பாதை அதற்குப் போதும்.