பைத்தானைத் திட்டாதீர்கள், அடித்தளத்தைப் பாருங்கள்

டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ரேடார் படக் கருவியை நிறுவப் போய் திரையில் வந்த அந்தச் சிவப்புப் பிழைச் செய்தி அப்படியே இருக்கட்டும், மூடிவிட வேண்டாம்.

ரேடார் படத்துக்கு இன்று பஞ்சமில்லை. மேகம் மூடினாலும் நிலத்தைப் பார்க்கும் ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் 2014-இலிருந்து சுற்றுகிறது. அதன் தரவுகள் இலவசம். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. வெள்ளம் எதுவரை ஏறியது, நிலம் எங்கே அமிழ்கிறது என்று கணக்கிட உதவும் மின்ட்பை, பைரோசார் போன்ற பைத்தான் கருவிகளும் இருக்கின்றன. பலர் தடுக்கி விழுவது அவற்றை நிறுவும் இடத்தில்தான்.

காரணம் எளிது. இவை பார்வைக்குத்தான் பைத்தான். படத்தைத் திறந்து படிப்பது பெரும்பாலும் சி++ மொழியில் எழுதப்பட்ட ஜிடால் நூலகம். அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கு பிராஜ் என்ற இன்னொன்றின் வேலை. 'பிப் இன்ஸ்டால் ஜிடால்' என்று அடித்தால், பைத்தானின் நிறுவியான பிப் மூல நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்டப் பார்க்கும். அடியில் ஜிடால் நூலகமே இல்லையென்றால் 'ஜிடால்-கான்ஃபிக்' கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். நூலகம் இருந்து பதிப்பு எண் பொருந்தாவிட்டாலும் வம்புதான். பிழைச் செய்தியின் கடைசி வரி பொதுவான புலம்பல். மேலே போய், முதன்முதலில் 'எரர்' என்று வரும் வரியைப் படியுங்கள். விஷயம் அங்கே இருக்கும்.

நிறுவியது சரி, ஓட்டும்போது பிழை என்றால் வழக்கமாக மூன்று இடங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, எண் கணக்குகளுக்கான நம்பை நூலகம். 2024 ஜூனில் வந்த நம்பை 2, பழைய நம்பையை நம்பிக் கட்டிய தொகுப்புகள் பலவற்றை ஓடவிடவில்லை. கருவி பழையது என்றால் நம்பையை 2-க்குக் கீழே நிறுத்தி வையுங்கள்.

இரண்டாவது 'பிராஜ்.டிபி கிடைக்கவில்லை' என்ற புகார். கோப்பு பெரும்பாலும் இருக்கும். முன்பு போட்ட வேறொரு வரைபட மென்பொருள் 'பிராஜ்_லிப்' என்ற சூழல் மாறியைத் தன் பக்கம் திருப்பி வைத்திருக்கும். அதை நீக்கிவிட்டுத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது ஸ்னாப்பி. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்னாப் மென்பொருளைப் பைத்தானோடு இணைக்கும் பாலம் இது. ஆனால் 'பிப் இன்ஸ்டால் ஸ்னாப்பி' என்று அடித்தால் வந்து சேர்வது கணிதத்தில் இடவியல் படிப்பவர்களின் தொகுப்பு! அது பிழையே இல்லாமல் நிறுவிக்கொள்ளும் என்பதுதான் வேடிக்கை. ஸ்னாப் 10 முதல் இந்தப் பாலத்தின் பெயர் ஈசா_ஸ்னாப்பி.

இவ்வளவு வம்பும் வராமலிருக்க ஒரு வழி உண்டு. கல்யாணச் சமையலுக்கு ஆளுக்கொரு கடையில் மளிகை வாங்கினால் அளவு எப்படிப் பொருந்தும்? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்குங்கள்: கோண்டா என்ற தொகுப்பு மேலாளரில் புதிதாக ஒரு சூழலை உருவாக்குங்கள். கோண்டாவோடு வரும் 'பேஸ்' சூழலில் எதையும் போடாதீர்கள். பைத்தான், ஜிடால், மின்ட்பை எல்லாவற்றையும் கோண்டா-ஃபோர்ஜ் என்ற ஒரே களஞ்சியத்திலிருந்து, ஒரே கட்டளையில் கேளுங்கள். அப்போதுதான் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பதிப்புகளை அது தேர்ந்தெடுக்கும். கோண்டாவில் கிடைக்காததற்கு மட்டும், கடைசியாக, பிப்பை அழையுங்கள். விண்டோஸில் முரண்டு பிடிக்கும் கருவியை விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக லினக்ஸில் நிறுவுவது மேல்.

பிறகு பைத்தானைத் திறந்து 'ஃப்ரம் ஓஎஸ்ஜியோ இம்போர்ட் ஜிடால்' என்று மட்டும் அடியுங்கள். சத்தமில்லாமல் அடுத்த வரிக்குப் போனால் அடித்தளம் சரி. கெட்டுப்போன சூழலை ஒட்டுப்போட்டு நாளைக் கழிக்காதீர்கள். அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். அதுவே சீக்கிரம் முடியும்.