லட்சத்துக்குக் கீழே

யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒரு மில்லி லிட்டருக்கு ஒரு லட்சம் கிருமி இருந்தால்தான் தொற்று என்ற கணக்கு 1950களில் அமெரிக்காவின் பாஸ்டனில் உருவானது. சிறுநீரகம் வரை தொற்று ஏறியவர்களையும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களையும் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். உள்ளே வளரும் கிருமி எது, சிறுநீர் பிடிக்கும்போது தோலிலிருந்து கலந்தது எது என்று பிரிக்கவே அந்தக் கோட்டைப் போட்டார். நீர்க்கடுப்போடு துடித்து வருகிற பெண்ணை மனதில் வைத்துப் போட்டதல்ல அது. ஆனாலும் அவளையும் அதே கோலால்தான் அளந்தார்கள்.

1982இல் வால்டர் ஸ்டாம் என்ற மருத்துவரின் குழுவினர் இப்படிப்பட்ட பெண்களின் சிறுநீரை நேராகச் சிறுநீர்ப்பையிலிருந்தே எடுத்துப் பார்த்தார்கள். பையில் ஈ.கோலை வகைக் கிருமிகள் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வழக்கமான கல்ச்சர் லட்சத்தைத் தொடவே இல்லை. எரிச்சல் இருந்தால் நூறு கிருமிகூடப் பொருட்படுத்த வேண்டியதுதான் என்றானது.

லேபுக்குப் போகுமுன் கேட்கிற கேள்விகளே பாதி வேலையை முடித்துவிடும். எரிச்சல், அடிக்கடி சிறுநீர் முட்டுவது இரண்டும் இருந்து, வெள்ளைப்படுதலோ பிறப்புறுப்பில் அரிப்போ இல்லையென்றால், சிறுநீர்த் தொற்றாக இருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. வெள்ளைப்படுதல் இருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். கூச்சத்தில் அதைச் சொல்லாமல் விடுபவர்கள் உண்டு. கேட்காமல் விடும் மருத்துவர்களும் உண்டு.

நைட்ரைட் பட்டைச் சோதனையையும் முழுதாக நம்ப முடியாது. சிறுநீர் சில மணி நேரம் பையில் தங்கினால்தான் அது நன்றாகக் காட்டும். சில கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை.

கருப்பையும் கருக்குழாயும் பாதிக்கப்படும் இடுப்புத் தொற்று இன்னும் சிக்கல். அதை உறுதியாகச் சொல்லும் ஒற்றைச் சோதனை கிடையாது, ஸ்கேன் நார்மலாகவே இருக்கலாம். ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர்கள் இந்தத் தொற்று என்று கணித்த 814 பெண்களை லேப்ராஸ்கோப் வழியே பார்த்தபோது, 65 சதவீதம் பேருக்கே அது இருந்தது. அங்கிருந்தே வந்த பிந்தைய ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்குக் கருக்குழாய் அடைப்பால் குழந்தை தங்கவில்லை.

அதனால் இந்தத் தொற்றில் உறுதிக்காகக் காத்திருப்பதில்லை. முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்கிறார்கள், கருக்குழாயில் தங்கிய கருவும் இதே போன்ற அடிவயிற்று வலியைத் தரும் என்பதால். அதுவும் குடல்வால் அழற்சியும் இல்லையென்றால், உள் பரிசோதனையில் கருப்பை வாயை அசைக்கும்போது வலித்தாலே ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுகிறார்கள். கிளமிடியா, கொனோரியா சோதனைகளின் ரிப்போர்ட் பிறகு வரும்.